‘விடாதீர்கள்’ அடுத்த பத்தியில் இருந்தது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பட்டியல் கையில் கிடைத்ததும் மனிதர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நானே அப்படி நிறுத்தியவள்தான். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். நான் செய்த தவறும் அதில் இருக்கிறது, நான் கேட்க மறுத்த உத்தரவும் இருக்கிறது. முதலாவதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். இரண்டாவதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஷம்ஷாத். ஏற்காட்டுக்காரி. எங்கள் குடும்பத்துக்கு அங்கே ஒரு மளிகைக் கடை. எனக்கு மட்டும் கடையில் நிற்கப் பிடிக்காமல், காலையில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பக்கம் கட்டும் வேலைக்கு, அதாவது எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் அடுக்கி அமைக்கும் வேலைக்குப் போனேன். வார இதழ், பாடநூல், கோயில் மலர், சர்ச் மலர், எல்லாம் கட்டியிருக்கிறேன். அப்புறம் காகிதம் குறைந்து திரை வந்தது. அதே கையால் திரைக்கும் கட்டினேன். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

பத்தி என்று நான் சொல்வது பாராவை அல்ல. செய்தித்தாளில் எழுத்து பட்டை பட்டையாக மேலிருந்து கீழே இறங்குகிறதே, அந்தப் பட்டையை. இரட்டைப் பத்தி என் கைவந்த வித்தை. இரண்டு பட்டையும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும், நடுவில் இடைவெளி கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும். தமிழில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. நம் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் ‘அனுப்பப்பட்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் ஒரு வரியைத் தின்றுவிடும். அதற்கு மேல்வரியில் இரண்டு சொல் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அதையெல்லாம் இழுத்து, சுருக்கி, கண்ணுக்குத் தெரியாமல் சரிசெய்வேன். ‘ஷம்ஷாத் கட்டின பக்கம் தெரியும்’ என்று சேலத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு நன்றாகவே தலைக்கேறியிருந்தது.

அப்போதுதான் மலைத் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்புக் கையேடு வேண்டும் என்று ஒரு அறக்கட்டளையிலிருந்து வேலை வந்தது. பூச்சி மருந்தை எப்படிக் கலப்பது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, தவறி விழுங்கிவிட்டால் என்ன செய்வது, இவ்வளவுதான் விஷயம். எழுதியவர் ஒரு டாக்டரம்மா. ஒரு வார்த்தை அதிகம் இருக்காது, அவ்வளவு தெளிவு. அச்சடிக்கப் போவதில்லை. ஒவ்வொரு எஸ்டேட்டிலும் மருந்தடிக்கும் குழுவில் ஒருவருக்கு முதலுதவிப் பெட்டியைக் கொடுத்து, அவர் போனுக்குக் கையேட்டை அனுப்பிவிடுவார்கள். அவசரத்தில் அவர் திறந்து படிக்க வேண்டும்.

நான் அதை இரட்டைப் பத்தியில் கட்டினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள், காரணமே இல்லை. எனக்கு அது அழகாக வரும், அதனால் கட்டினேன். பெரிய திரையில் பார்த்தேன், புத்தகம் மாதிரி இருந்தது. ஏற்காட்டில் அறக்கட்டளை ஹாலில் சுவர் டிவியில் போட்டுக் காட்டினோம். செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். “இதுதாங்க தரம்” என்றார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்துச் சிரித்தார். அங்கே இருந்த ஒருவர்கூட அதைப் போனில் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அனுப்பிச் சில வாரம் கழித்து நாகலூர் எஸ்டேட் ரைட்டர் எங்கள் கடைக்கு அரிசி வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார். கூலிக் கணக்கும் ஆள் கணக்கும் எழுதுகிறவர் அவர். பொம்பளையாட்கள் எல்லோரிடமும் பேசுகிறவர்.

“ஏனுங்க, அந்தப் போன் புக்கு நீங்க பண்ணதுங்களா? நம்ம பொம்பளைங்க, அது நொம்பக் கோணலாப் பேசுதுன்னு சொல்றாங்க. ஒண்ணு சொல்ல வந்து இன்னொண்ணுக்குப் போயிருதாமுங்க.”

“பழகினா சரியாயிருமுங்க” என்றேன்.

இந்த ஒரு பதிலைத்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர் தடுமாறுகிறார் என்று ஒருவர் நேரில் வந்து சொன்னார். நான் படிக்கிறவரைத் திருந்தச் சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நாகலூரில் முதலுதவிப் பெட்டி சகாயமேரி என்ற பெண்ணிடம் இருந்தது. முப்பது வயது இருக்கும். மருந்தடிக்கும் குழுவில் எல்லாருக்கும் மூத்தவள் இல்லை, ஆனால் சொன்னால் எல்லாரும் கேட்கிற ஆள். அவள் கணவனின் தம்பி அந்தோணியும் அதே எஸ்டேட்டில் வேலை. ஒருநாள் பகலில், மிச்ச மருந்தை யாரோ கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைத்திருக்க, தாகத்தில் அவன் அதை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டான். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் மருந்து. அப்படிப்பட்டதைக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும்போது அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும்.

சகாயமேரி ஓடி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். போனில் ஆறாம் பக்கத்தைத் திறந்து, மற்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள். படித்தபடியே செய்தாள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தாள்.

அந்தோணிக்கு ஜீப்பிலேயே மூச்சுத் திணறல் வந்துவிட்டது. சேலம் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தான். பிழைத்துவிட்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் பிழைப்பானா என்று தெரியாமல் ஓடிய அந்த முதல் சில நாட்களில் ஊர் முழுக்க ஒரே பேச்சு: படிக்கத் தெரியாதவள் கையில் பெட்டியைக் கொடுத்தார்கள். எஸ்டேட் மேனேஜர் பெட்டியைப் பிடுங்கி ரைட்டரிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குச் செயலாளர் போன் செய்தார். குரலில் பதற்றம். “கையேட்டில ‘வாந்தி எடுக்க வைத்து விடாதீர்கள்’னு இருக்குதா இல்லீங்களா?”

“இருக்குதுங்க. ஆறாம் பக்கம்.”

“அப்பப் பிரச்னை இல்லைங்க. அந்தப் பொண்ணு முழுசாப் படிக்கல. கையேட்டில பிழை இல்லைன்னு எஸ்டேட்டுக்கு ஒரு கடிதம் போடறோம். டாக்டரம்மாவும் நீங்களும் கையெழுத்துப் போடணும். வியாழக்கிழமை மத்த மலைகளுக்கும் வெளியிடறோம், அதுக்குள்ள இது முடிஞ்சாகணும்.”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எழுத்தில் பிழை இல்லை என்பது உண்மைதானே. ஆனால் ரைட்டர் சொன்ன ‘கோணலாப் பேசுது’ நினைவுக்கு வந்து தடுத்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, மறுநாள் சேலம் பஸ்ஸை விட்டுவிட்டு நாகலூர் பஸ்ஸில் ஏறினேன்.

சகாயமேரி வீட்டு வாசலில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்துகொண்டார்.

“போனைப் பாத்து வைத்தியம் பண்ணி எம் பையனச் சாவடிக்கப் பாத்தா இவ. அந்தப் போன் புக்கு போட்டவங்களா நீங்க? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தீங்க?”

 உள்ளேயிருந்து சகாயமேரி வந்தாள். தூங்காத கண். ஆனால் அழவில்லை, கோபமாக இருந்தாள்.

“பாய் கடை ஊட்டு அக்காதானுங்களே? உக்காருங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேனுங்க. கோயில்ல பைபிள் நிருபம் வாசிக்கிறது நான்தான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊரே சொல்லுது. நீங்களே பாருங்க, உங்க முன்னாடி படிக்கிறேன்.”

போனை எடுத்தாள். ஆறாம் பக்கம். திரையில் முழுப் பக்கமும் வந்தது. எழுத்து எறும்பு அளவு. இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இப்போது இடது பத்தி மட்டும் திரையை நிறைத்து நின்றது, எழுத்து நன்றாகத் தெரிந்தது. வலது பத்தி திரைக்கு வெளியே போய்விட்டது. கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி, தடங்கல் இல்லாமல் படித்தாள்.

“வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து...”

இடது பத்தி அங்கே முடிந்தது. அவள் விரல் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? மேலே தள்ளினாள். ஆறாம் பக்கத்தின் இடது பத்திக்கு நேர் கீழே ஏழாம் பக்கத்தின் இடது பத்தி வந்து நின்றது.

“...உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.”

படித்து முடித்து நிமிர்ந்தாள். “இதத்தானுங்க்கா நான் செஞ்சேன். இதுல எங்க தப்புப் படிச்சேன், சொல்லுங்க.”

ஆறாம் பக்கத்துக்குத் திரும்பி, திரையைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். வலது பத்தியின் உச்சியில், நான் இழுத்துச் சுருக்கிச் சமமாக்கி வைத்த முதல் சொல்லாக அது உட்கார்ந்திருந்தது: ‘விடாதீர்கள்.’

கண்ணுகளா, நம் மொழியில் ஆமாவும் இல்லையும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. கடைசிச் சொல் வரும்வரை தமிழ் வாக்கியம் எதையும் முடிவு செய்வதில்லை. அந்தக் கடைசிச் சொல்லைத் தனியாக வெட்டி, கண் போகாத இடத்தில் நான் வைத்துவிட்டேன். இரண்டு பத்தியும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும் என்பதற்காக வெட்டினேன்.

சகாயமேரி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்ப எனக்குப் படிக்கத் தெரியும்தானுங்களே?”

“உனக்குத் தெரியும் சாமி. எனக்குத்தான் கட்டத் தெரியல.”

மாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். போனைக் காட்டினேன். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் ஏற்காட்டு ஹாலில் செயலாளர் கடிதத்தோடு காத்திருந்தார். டாக்டரம்மாவும் இருந்தார். சேலத்திலிருந்து என் முதலாளி போனில் இணைந்திருந்தார். கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். ‘கையேட்டில் தகவல் சரியாகவே உள்ளது. படித்தவர் முழுமையாகப் படிக்கத் தவறியதால் இந்நிகழ்வு ஏற்பட்டது.’

“கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன்.

செயலாளர் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன்.

“உங்க போன்ல ஆறாம் பக்கத்தைத் திறந்து சத்தமாப் படிங்கம்மா. விழுங்கிட்டவன் முன்னாடி நிக்கிற மாதிரி, வேகமாப் படிங்க.”

அவர் பெரிதாக்கிப் படிக்க ஆரம்பித்தார். அவரே எழுதியதுதானே, சரளமாகப் போனார். “...வாந்தி எடுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு...” அங்கேயே நின்றுவிட்டார். முகம் சிவந்தது. “இதை யாருங்க மாத்தினது? நான் இப்படி எழுதவே இல்லையே!”

“யாரும் மாத்தலைங்கம்மா. வலது பக்கம் நகத்திப் பாருங்க.”

நகர்த்திப் பார்த்தார். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். எழுதியவரே ஏமாந்த இடத்தில் எட்டாவது படித்தவள் ஏமாந்தாள் என்று யாரைக் குற்றம் சொல்வது?

செயலாளர் அப்போதும் விடவில்லை. கெட்ட மனிதர் அல்ல. அழைப்பிதழ் போய்விட்டது, ஆட்கள் வரப் போகிறார்கள், அந்தக் கவலை அவருக்கு. “சரிங்க, இப்படிப் பண்ணலாம். முதல் பக்கத்தில ஒரு குறிப்புப் போட்றலாம். ‘முதலில் இடது பத்தியையும் பிறகு வலது பத்தியையும் படிக்கவும்’னு.”

“ஆள் நுரை தள்ளிக்கிட்டுக் கிடக்கறான். அவன் பக்கத்தில உக்காந்து, இந்தப் புத்தகத்தை எப்படிப் படிக்கணும்னு முதல் பக்கத்துக்குப் போய்ப் படிச்சுட்டு வரச் சொல்றீங்களா?”

போனில் முதலாளி குறுக்கிட்டார். “ஷம்ஷாத், இப்ப இதை வெளியிடட்டும். அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். கோப்பை அனுப்பி வை.”

“அனுப்ப மாட்டேனுங்க.”

“என்ன சொல்ற?”

“வெளியிடறதுக்கான கடைசிக் கோப்பு என்கிட்டதான் இருக்குது. இந்தப் பக்கம் இந்த வடிவத்தில என் கையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகாது. வேற ஆளை வெச்சுக் கட்டிக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா போனுக்கு ஒரே பத்தியாக் கட்டினாத்தான் நானே கட்டித் தருவேன். எட்டு நாள் வேணும்.”

“நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்” என்றார்.

“சரிங்க” என்றேன்.

இதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.  அலுவலகத்துக் கோப்பைத் தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்றால், இல்லை. உங்களில் யாராவது அப்படிச் செய்தால் அலுவலகம் உங்களையும் வெளியே அனுப்பும். அனுப்பும் என்று தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் தெரியவில்லை.

அந்த ஹாலிலேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எஸ்டேட் மேனேஜருக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். ‘சகாயமேரி எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார். பக்கத்தைத் தவறாக அமைத்தவள் நான். பிழை என்னுடையது.’ என் பெயரைப் போட்டேன். டாக்டரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, எனக்குக் கீழே அவர் பெயரையும் போட்டார். அவரை நான் கேட்கவில்லை. பிறகு செயலாளரிடம், “என் பேரை அந்தக் கையேட்டிலிருந்து எடுத்துட்டு வேணும்னா வெளியிடுங்க” என்றார். டாக்டர் பெயர் இல்லாமல் மருத்துவக் கையேடு வெளியிட முடியாது. வெளியீடு தள்ளிப்போனது.

கடிதத்தை நானே நாகலூருக்கு எடுத்துப் போய் மேனேஜர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “இதை எல்லாரும் இருக்கும்போது படிச்சுக் காட்டச் சொல்றீங்களாக்கும்?” என்றார். ஆமாம் என்றேன். காலையில் ஆள் எண்ணும் இடத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவில் அத்தனை பேர் நிற்க, ரைட்டர் அதை வாசித்தார். ‘பிழை என்னுடையது’ என்று இன்னொருவர் வாயால் என் பெயரோடு கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும். பெட்டி சகாயமேரியிடம் திரும்பி வந்தது. அவள் அதை வாங்கும்போது யாரையும் பார்க்கவில்லை.

அந்தோணி வீடு திரும்பினான். மேடு ஏறினால் இன்றைக்கும் அவனுக்கு மூச்சு வாங்கும். அவன் அம்மா என்னை மன்னிக்கவில்லை. சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதுவும் நியாயம்தான்.

மூன்று வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார். கோபம் ஆறவில்லை, ஆனால் வேலை நின்றுகிடந்தது. “வந்து கட்டு” என்றார். கட்டினேன். ஒரே பத்தி. போனின் அகலத்துக்கு எழுத்து தானாக மடிந்து இறங்கும். பெரிதாக்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் நகர்த்த வேண்டியதில்லை. டாக்டரம்மாவும் வாக்கியங்களை மாற்றி எழுதினார்: ‘வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.’ தனி வரி, முதல் வரி. முடித்ததும் சுவர் டிவிப் பக்கமே போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு நாகலூர் போனேன். இன்னொரு மலையூரான மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப்பில் போகும்போது, குலுங்குகிற வண்டியில் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சகாயமேரி மட்டும் மூன்று இடத்தில் நிறுத்தினாள். “இந்த எடத்துல கண்ணு தடுக்குதுங்க்கா” என்பாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த மூன்று இடத்தையும் மாற்றினேன். காரணம் கண்டுபிடிப்பது என் வேலை, அவள் வேலை அல்ல.

கதை இங்கே முடிந்திருந்தால் நீங்கள் ஒரு விதியோடு வீட்டுக்குப் போகலாம்: திரையில் பத்தி பிரிக்காதே. அலுவலகமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. சில வருடத்தில் புது முதலாளி, புது ஆட்கள். வடிவமைப்புத் தலைவராகக் கதிர் என்ற இளைஞர் வந்தார். கெட்டிக்காரர், உழைப்பாளி. எங்கள் எல்லா மேசைக்கும் எதிரே சுவரில் ஒரு தாள் அச்சடித்து ஒட்டினார்: ‘ஷம்ஷாத் விதி – திரைக்கு ஒற்றைப் பத்தி மட்டும்.’ எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஓய்வுக்குச் சில மாதம் இருக்கும்போது கொட்டச்சேட்டில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வேலை வந்தது. யாரோ அவர்களுக்கு அகலமான கணினித் திரைகள் கொடுத்திருந்தார்கள். அதில் பிள்ளைகள் கதை படிக்க வேண்டும். விதிப்படி ஒற்றைப் பத்தியில் கட்டி அனுப்பினோம். அந்தப் பள்ளியிலிருந்து ஜெசிந்தா டீச்சர் போன் செய்தார்.

“ஏனுங்க, பிள்ளைங்க எல்லாம் திரை மேல வெரல வெச்சு வெச்சுப் படிக்குதுங்க. வெரல எடுத்தா வரி மாறிப் போயிருதுங்க.”

இந்தத் தடவை ‘பழகினா சரியாயிரும்’ என்று சொல்லவில்லை. மறுநாளே போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஆறாவது படிக்கும் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். வரி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. கடைசிக்குப் போய்விட்டு அவள் கண் திரும்பி வரும்போது, அடுத்த வரிக்குப் பதில் அதற்கும் அடுத்த வரியில் இறங்கியது. அவளுக்கே அது தெரிந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்து கதைக்கு உட்காரவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கீழே கீழே தள்ள வேண்டியிருந்தது. ஒற்றைப் பத்தியைக் குறுக்கி நடுவில் வைத்தேன், அப்போதும் தள்ள வேண்டியிருந்தது. தள்ளுகிற ஒவ்வொரு முறையும் படித்த இடம் தொலைந்தது. அந்தத் திரைக்கு, அந்தப் பிள்ளைகளுக்குச் சரியாக வந்தது ஒன்றுதான்: இரண்டு பத்தி, இரண்டும் முழுசாகத் திரைக்குள்ளேயே முடியும், தள்ளவே வேண்டியதில்லை, பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம். எந்த வாக்கியமும் ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்குத் தாண்டாது. பத்திகள் சமமாக முடியாவிட்டால் போகட்டும்.

கதிரிடம் காட்டினேன்.

“அக்கா, நீங்களே இப்படிப் பண்ணலாமா? உங்க பேர்லதானே விதியே இருக்குது!”

“அந்த விதி நாகலூர் போனுக்குங்க கதிர். இது கொட்டச்சேட்டுத் திரை.”

“ஒரு எடத்தில விட்டோம்னா எல்லா எடத்திலயும் கேப்பாங்க. அனுமதிக்க முடியாதுங்க்கா.”

“அப்ப நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க.”

வர நேரமில்லை என்றார். நான் அந்தப் பதிப்பை அவர் அனுமதி இல்லாமல் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். ‘தலைவர் ஒப்புதல் தரவில்லை, பொறுப்பு என்னுடையது’ என்று அதே மின்னஞ்சலில் எழுதி, அவருக்கும் ஒரு நகல் வைத்தேன். மறைத்துச் செய்யவில்லை. மறைத்துச் செய்தால் அது எதிர்ப்பு அல்ல, திருட்டு.

கதிர் கொதித்துப்போய் மறுநாள் பஸ் ஏறி வந்தார். கொட்டச்சேட்டு வகுப்பறைக்குள் நுழைந்தார். நேரே போய் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவள் படித்தாள். இடது பத்தி, வலது பத்தி, பட்டன். மறுபடி இடது, வலது, பட்டன். விரல் திரைக்குப் போகவில்லை, மடியில் கிடந்தது. பெல் அடித்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அவள் எழவில்லை.

கதிர் குனிந்து கேட்டார்: “முன்னாடி இருந்ததுக்கு இது பரவாயில்லையா கண்ணு?”

“தொந்தரவு பண்ணாதீங்க சார்” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. “இன்னும் நாலு பக்கம்தானுங்க.”

அவர் எழுந்து வந்தார்.  திங்கட்கிழமை நான் அலுவலகத்துக்குப் போனதும் கோப்பைத் திறக்கவில்லை, மேசையில் பையைக்கூட வைக்கவில்லை. நேரே போய் சுவரில் இருந்த ‘ஷம்ஷாத் விதி’யைக் கிழித்தேன். பலமான பசை, சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதிர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த கீழ் மூலையை அவர் கையால் சுரண்டி எடுத்தார்.

புதுத் தாள் ஒன்று அடித்து ஒட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். என்ன எழுதுவது என்றார்கள். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். அந்தச் சுவர் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். இதைப் படித்துவிட்டு, நான் சொன்னதிலிருந்து நாலு வரி எடுத்து யாராவது அங்கே ஒட்டினால், எனக்கு வயதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பஸ் பிடித்து இறங்கி வந்து, அதையும் கிழிப்பேன்.